பட்டை தடித்துவிட்டது, ஆன்டிபாடி போலியா?

கடலூரிலிருந்து வந்த கேள்வி, 2024 நவம்பர் 9

மஞ்சக்குப்பத்திலிருந்து எழுதுகிறேன். முனைவர் பட்ட ஆய்வில் இருக்கிறேன். செல்லுக்குள் வேண்டாத புரதங்களை வெட்டித் தள்ளும் புரோட்டியசோமின் பீட்டா-5 துணையலகைக் காட்டும், முயலில் தயாரித்த ஆன்டிபாடி ஒன்றைச் சென்ற மாதம் வாங்கினோம். ஹீலா செல்களுக்குக் குறைந்த அளவில் போர்டிசோமிப் கொடுத்து இரவு முழுவதும் விட்டுவிட்டு, காலையில் செல்களை உடைத்து வெஸ்டர்ன் பிளாட் (புரதங்களை ஜெல்லில் அளவுவாரியாகப் பிரித்து, சவ்வுக்கு மாற்றி, ஆன்டிபாடியால் பட்டையாகப் பார்ப்பது) போட்டேன். மருந்து புரோட்டியசோமைத் தடுப்பது. எனவே பட்டை மெலிந்திருக்க வேண்டும். ஆனால் மருந்து கொடுத்த லேனில்தான் பட்டை தடித்திருக்கிறது. ஒப்பீட்டுக்குப் பார்க்கும் ஆக்டின் புரதம் எல்லா லேனிலும் ஒரே அளவு. ஆன்டிபாடி போலி என்பது என் முடிவு. வழிகாட்டியும் திருப்பி அனுப்பச் சொல்லிவிட்டார். புதுச்சேரிப் பக்கம் யாராவது இதைப் பயன்படுத்தியிருந்தால் உங்கள் அனுபவத்தைச் சொல்லுங்கள்.

என் பதில், 2024 நவம்பர் 9, இரவு

திருப்பி அனுப்பாதீர்கள் தம்பி. நீங்கள் எழுதியதை வைத்துப் பார்த்தால் அந்த ஆன்டிபாடி சொல்ல வேண்டியதைத்தான் சொல்லியிருக்கிறது.

போர்டிசோமிப் பீட்டா-5-இன் வெட்டும் இடத்தில் போய் உட்கார்ந்து வேலையை நிறுத்துகிறது. பீட்டா-5 என்ற புரதத்தை அது அழிப்பதில்லை. உங்கள் ஆன்டிபாடிக்கோ வேலை நடக்கிறதா நின்றதா என்பது தெரியவே தெரியாது; ஆள் இருக்கிறாரா என்பது மட்டும்தான் தெரியும். முதலியார்பேட்டையில் மில் சங்கு கேட்டு வளர்ந்தவள் நான். வருகைப் பதிவேடு நிறைந்திருந்த நாளிலும் தறி ஓடாமல் கிடந்ததுண்டு. வெஸ்டர்ன் பிளாட் உங்களுக்குக் காட்டுவது அந்தப் பதிவேட்டை. நெய்த துணியை அல்ல.

சரி, குறையாமல் இருந்தது புரிகிறது, ஏன் கூடியது என்பீர்கள். வேலை நின்றதைச் செல் கண்டுகொள்கிறது. செல்லுக்குள் இருக்கும் சவ்வு வலையான எண்டோபிளாச வலையில் என்.ஆர்.எஃப்.1 என்று ஒரு புரதம் செருகப்பட்டிருக்கிறது. சாதாரண நாட்களில் அது உண்டாகிக்கொண்டே இருக்கும். பி97 என்ற நொதி அதை வலையிலிருந்து வெளியே இழுக்கும். புரோட்டியசோம் உடனே தின்று தீர்த்துவிடும். புரோட்டியசோம் மந்தமானால் அது தப்பிப் பிழைக்கிறது. என்ஜிலை-1 என்ற நொதி அதன் மேலுள்ள சர்க்கரைகளைக் களைகிறது, டி.டி.ஐ.2 என்ற இன்னொரு நொதி அதை ஓரிடத்தில் வெட்டுகிறது, வெட்டுண்ட துண்டு உட்கருவுக்குள் போய்ப் புரோட்டியசோம் துணையலகுகளின் மரபணுக்களை ஒட்டுமொத்தமாகத் தூண்டிவிடுகிறது. தடுப்பு மருந்து கொடுத்தால் புரோட்டியசோம் கூடுதலாகத் தயாராவது இதனால்தான். 2010-இல் இது தெளிவாகக் காட்டப்பட்டது. டி.டி.ஐ.2-இன் பங்கு 2016-இல் தெரியவந்தது.

குறைந்த அளவு, இரவு முழுவதும் என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். இந்த எதிர்வினையைப் பார்க்க அதைவிட நல்ல ஏற்பாடு கிடையாது. தெரிந்து செய்தாலும் சரி, தெரியாமல் செய்தாலும் சரி.

2024 நவம்பர் 10

இன்னொன்று. எந்தப் பட்டை தடித்தது? பீட்டா-5 முதலில் நீண்ட முன்வடிவமாக உண்டாகிறது. இரண்டு அரைப் புரோட்டியசோம்கள் ஒன்றோடொன்று சேரும் தருணத்தில், முன்னாலுள்ள துண்டைத் தானே வெட்டிக்கொண்டு முதிர்ந்த வடிவத்துக்கு வருகிறது. முதிர்ந்தது 23 கிலோடால்டன் (புரத எடையின் அலகு) பக்கத்தில் ஓடும், முன்வடிவம் அதற்கு மேலே, 28 அருகில். சில ஆன்டிபாடிகள் இரண்டையும் காட்டும். மேல் பட்டையும் கூடியிருந்தால் புதிதாகத் தயாரிப்பு நடக்கிறது என்பதற்கு அது நேரடித் தடயம்.

படத்தைப் போடுங்கள். கத்தரிக்காமல் முழுச் சவ்வையும் போடுங்கள். நகத்தளவு நீளத்துக்கு வெட்டிய படத்தை வைத்து நான் எதுவும் சொல்லமாட்டேன்.

2024 நவம்பர் 12

படம் பார்த்தேன். இரண்டு பட்டைகள், இரண்டும் கூடியிருக்கின்றன, மேலே உள்ளது நன்றாகவே கூடியிருக்கிறது. 55-க்குப் பக்கத்தில் எல்லா லேனிலும் ஒரே அளவில் தெரியும் மங்கலான பட்டையைப் பற்றி யாரும் கேட்கவில்லை. நான் கேட்கிறேன். அது என்ன? முதல் ஆன்டிபாடியைப் பிடித்துப் பட்டையைத் தெரியவைக்கும் இரண்டாம் ஆன்டிபாடியை மட்டும் போட்டு ஒரு சவ்வைப் பாருங்கள். அதிலும் தெரிந்தால் முயல் ஆன்டிபாடியைக் குறை சொல்லிப் பயனில்லை.

விழுப்புரத்து அன்பர் ஒருவர், அந்த நிறுவனத்தின் விளக்கத்தாளில் ஒரே ஒரு பட்டைதான் இருக்கிறது, எனவே இரண்டு பட்டை வந்தாலே போலி என்கிறார். விளக்கத்தாளில் இருப்பது விற்பவர் தேர்ந்தெடுத்த செல், விற்பவர் தேர்ந்தெடுத்த வெளிச்ச நேரம், பல சமயம் விற்பவர் கத்தரித்த படம். அதைக் கோயில் கல்வெட்டைப் படிக்கிற பக்தியோடு படிக்க வேண்டாம் ஐயா.

2024 நவம்பர் 12, சற்று நேரம் கழித்து

மேலே எழுதியதைப் படித்துவிட்டுக் காரைக்காலிலிருந்து ஒருவர் தனிச்செய்தியில், "அக்கா, என்.ஆர்.எஃப்.1 ஆன்டிபாடி எங்களிடம் இருக்கிறது, தம்பிக்குத் தரவா" என்று கேட்டிருக்கிறார். நல்ல மனம். ஆனால் குப்பியில் ஜீன் பெயர் என்ன என்று பாருங்கள். மைட்டோகாண்டிரியா மரபணுக்களைக் கவனிக்கும் வேறொரு புரதத்துக்கும் இதே சுருக்கப் பெயர் உண்டு. நமக்கு வேண்டியது என்.எஃப்.இ.2.எல்.1. ஓர் ஆய்வகத்தில் முழு ஆண்டுக்கான ஆன்டிபாடிப் பணத்தில் பாதியை இந்தப் பெயர்க் குழப்பத்தில் தொலைத்ததை நான் பக்கத்தில் இருந்து பார்த்திருக்கிறேன். பட்டியலில் தேடும்போது ஜீன் பெயரைப் போட்டுத் தேடுங்கள், செல்லப் பெயரைப் போட்டு அல்ல.

சரியான ஆன்டிபாடியாக இருந்தால் 120 கிலோடால்டன் பக்கம் முழு வடிவமும், அதற்குக் கொஞ்சம் கீழே வெட்டுண்ட வடிவமும் தெரியும். மருந்து கொடுத்த லேனில் கீழே உள்ளது மேலோங்க வேண்டும். ஆகாவிட்டால் நான் நவம்பர் 9-இல் எழுதிய விளக்கத்தை உங்கள் செல்களுக்குப் பொருத்த முடியாது. வேறு காரணம் தேட வேண்டும்.

2024 நவம்பர் 15

தம்பியின் அடுத்த கேள்வி: "அப்படியானால் புரோட்டியசோம் வேலை செய்கிறதா என்று எதை வைத்துத்தான் சொல்வது?"

இரண்டு வழிகள், இரண்டையும் செய்யுங்கள்.

ஒன்று, ஒளிரும் பெப்டைடு. லூசின், லூசின், வாலின், டைரோசின் என்று நான்கு அமினோ அமிலங்கள், வாலில் ஏ.எம்.சி. என்ற சாயம். வெட்டினால் சாயம் விடுபட்டு ஒளிரும். 380 நானோமீட்டரில் தூண்டி 460-இல் அளக்கலாம். இது பீட்டா-5-இன் வேலையைத்தான் முக்கியமாகக் காட்டுகிறது. ஆனால் செல் உடைத்த கரைசலில் கால்பெயின் போன்ற வேறு நொதிகளும் இதை வெட்டும். அதனால் ஒவ்வொரு மாதிரிக்கும் தடுப்பு மருந்து சேர்த்த இணை ஒன்றை வைத்து, அந்த அளவைக் கழிக்க வேண்டும். கழிக்காமல் படம் வரைந்த ஆய்வேடுகள் ஏராளம்.

இரண்டு, யுபிக்விட்டின் ஆன்டிபாடி. புரோட்டியசோம் நின்றால், அழிக்கப்பட வேண்டியவை என்று யுபிக்விட்டின் என்ற சிறு புரதத்தால் குறியிடப்பட்ட புரதங்கள் தேங்கும். லேனின் மேல்பாதி முழுக்க மை கொட்டியதுபோல் கறுப்பாகும். இங்கேயும் எந்த ஆன்டிபாடி என்பது முக்கியம். எஃப்.கே.1 சங்கிலியாகக் கோத்த யுபிக்விட்டினை மட்டும் பிடிக்கும். எஃப்.கே.2 ஒற்றையாக ஒட்டியதையும் சேர்த்துப் பிடிக்கும். கடையில் எது மலிவு என்று பார்த்து வாங்கிவிட்டுப் பிறகு முடிவை வளைக்காதீர்கள். செல் உடைக்கும் கரைசலில் என்-எத்தில்மாலிமைடு சேருங்கள். இல்லாவிட்டால் நீங்கள் குழாயை வைத்துவிட்டுத் தேநீர் குடிக்கப் போகும் நேரத்தில் யுபிக்விட்டின் நீக்கும் நொதிகள் சங்கிலிகளைக் கழற்றிவிடும்.

2024 நவம்பர் 18

பதிவேடு பற்றி நான் சொன்னது பலருக்குப் பிடித்துப்போய் ஆளாளுக்கு நீட்டிக்கொண்டு போகிறார்கள். மில்லை அங்கேயே நிறுத்திவிடுவோம். அதற்கு அடியில் ஒரு சிக்கல் இருக்கிறது, அதைப் பேசுவோம்: நீங்கள் எண்ணுவது எந்த ஆளை?

புரோட்டியசோமின் நடுப்பகுதியான 20எஸ் மையத்தில் 28 துணையலகுகள், ஏழேழாக நான்கு வளையங்கள். வெளியே இரண்டு ஆல்ஃபா வளையங்கள், உள்ளே இரண்டு பீட்டா. வெட்டும் திறன் பீட்டா-1, பீட்டா-2, பீட்டா-5 மூன்றுக்கு மட்டுமே. மையத்தின் முனைகளில் 19எஸ் என்ற தலைப்பகுதி ஒன்றோ இரண்டோ பொருந்தினால் 26எஸ். 19எஸ்-க்குப் பதிலாக பி.ஏ.28 வந்து பொருந்துவதும் உண்டு, பி.ஏ.200 வருவதும் உண்டு. ஆகவே "புரோட்டியசோம் ஆன்டிபாடி" என்று பொத்தாம்பொதுவாக ஒன்று கிடையாது. ஆல்ஃபாவைப் பிடிப்பது மையத்தின் மொத்த அளவைச் சொல்லும். ஆர்.பி.டி.6-ஐப் பிடிப்பது தலைப்பகுதியைச் சொல்லும். பி.ஏ.28 காமாவைப் பிடிப்பது பெரும்பாலும் உட்கருவில் நடப்பதைச் சொல்லும்.

இதில் பெரிய பொறி இம்யூனோபுரோட்டியசோம். நோயெதிர்ப்புச் சமிக்ஞைப் புரதமான இண்டர்ஃபெரான்-காமா கொடுத்தால் புதிதாகச் சேரும் மையங்களில் பீட்டா-5 இருந்த இடத்தில் பீட்டா-5ஐ (இந்த 'ஐ' வேற்றுமை உருபு அல்ல, ஆங்கில எழுத்து i) வந்து அமர்கிறது. அது வேறொரு மரபணுவின் புரதம்: பி.எஸ்.எம்.பி.8. பீட்டா-5 ஆன்டிபாடி மட்டும் வைத்திருப்பவர் பட்டை மெலிந்ததைப் பார்த்து, புரோட்டியசோம் குறைந்துவிட்டது என்று எழுதுவார். குறையவே இல்லை, ஆள் மாறியிருக்கிறார், அவ்வளவுதான். ரத்த வெள்ளணு வகைச் செல்களில் இண்டர்ஃபெரான் கொடுக்காமலே இது மிகுதி. தம்பி, உங்கள் வழிகாட்டி அடுத்து மைலோமா என்ற ரத்தப் புற்றுநோயின் செல்களுக்குப் போகலாம் என்று சொன்னதாக எழுதியிருக்கிறீர்கள். போகும் முன் பீட்டா-5ஐ ஆன்டிபாடியும் ஒன்று வாங்கச் சொல்லுங்கள்.

2024 நவம்பர் 21

நெய்வேலியிலிருந்து ஒரு வாசகர், ஆய்வாளர் அல்லர், "இத்தனை பேர் இதற்கு ஏன் மல்லுக்கட்டுகிறீர்கள், பொதுமக்களுக்கு என்ன லாபம்?" என்கிறார். போர்டிசோமிப் 2003-இல் அமெரிக்காவில் மைலோமாவுக்கு ஒப்புதல் பெற்றது. மைலோமா என்பது பிளாஸ்மா செல்லின் புற்று. பிளாஸ்மா செல் நாள் முழுக்க ஆன்டிபாடி தயாரிக்கும் செல். சரியாக மடியாத புரதம் அதில் மலையாகச் சேரும். புரோட்டியசோமை நிறுத்தினால் தாங்காது. யுபிக்விட்டின் வழி அழிவைக் கண்டறிந்த சீகனோவர், ஹெர்ஷ்கோ, ரோஸ் மூவருக்கும் 2004-இல் வேதியியல் நோபல் கிடைத்தது. என்.ஆர்.எஃப்.1 எதிர்வினை முக்கியமாவது இங்கேதான்: நாம் மருந்து கொடுக்கிறோம், செல் புதிதாகப் புரோட்டியசோம் செய்துகொள்கிறது. அந்தத் தயாரிப்பை நிறுத்த வழி தேடுகிறவர்கள் டி.டி.ஐ.2 மீது கண் வைத்திருக்கிறார்கள். தம்பி போலி என்று தூக்கிப்போட இருந்த பட்டை அந்தக் கதையின் ஒரு பகுதி.

நோய்க்கு மருந்து பற்றிக் கேட்க வேண்டுமென்றால் மருத்துவரிடம் போங்கள், இங்கே அல்ல.

2024 டிசம்பர் 4

மின்சாரம் வந்தது. ஃபெஞ்சல் புயல் நவம்பர் 30 இரவு நம் தலைமேல் கரை கடந்ததும் பிறகு நகராமல் நின்று கொட்டியதும் எல்லோருக்கும் தெரியும். தென்பெண்ணையில் வெள்ளம் வந்து கடலூர்ப் பக்கமும் பாடுபட்டிருக்கிறது. தம்பி நலமாக இருப்பதாக எழுதியிருக்கிறார், ஆய்வகத்தின் மைனஸ் 20 உறைபெட்டி மட்டும் நலமாக இல்லை. "எல்லா ஆன்டிபாடியும் போய்விட்டது அக்கா, முடிந்தது" என்கிறார்.

முடியவில்லை. ஐ.ஜி.ஜி. வகை ஆன்டிபாடி அவ்வளவு சீக்கிரம் சாகிற பொருள் அல்ல. குப்பியில் பாதி கிளிசரால் இருந்தால் மைனஸ் 20-இல்கூட அது உறைந்திருக்கவே இல்லை. எனவே உருகவும் இல்லை. மின்சாரம் போன சில நாள் வெதுவெதுப்பு அதைக் கொல்லாது. அதைக் கொல்வது திரும்பத் திரும்ப உறைந்து உருகுவது. அதனால்தான் கிளிசரால் இல்லாதவற்றைச் சிறு பங்குகளாகப் பிரித்து வைக்கச் சொல்வது. தானாகப் பனி உருக்கிக்கொள்ளும் வீட்டு உறைபெட்டியில் வைக்காதீர்கள் என்பதும் அதனால்தான். அது ஒவ்வொரு நாளும் கொஞ்சம் சூடாகிக் குளிர்கிறது.

உண்மையில் அழ வேண்டியது வேறு பொருள்களுக்கு. உடைத்து வைத்த செல் கரைசல்கள், தனித்தெடுத்து வைத்த புரோட்டியசோம், ஆர்.என்.ஏ. இவை போயிருக்கும். 2011-இல் தானே புயலுக்குப் பிறகு நான் இருந்த இடத்தில் ஆன்டிபாடிகளை எல்லாம் கொட்டிவிட்டு, கெட்டுப்போன கரைசல்களைப் பத்திரமாக எடுத்து வைத்தார்கள். புது ஆன்டிபாடி வந்தது, பழைய கரைசலில் பட்டை வரவில்லை, புது ஆன்டிபாடியும் போலி என்று முடிவு செய்தார்கள்.

செய்ய வேண்டியது: புதிதாகச் செல் வளர்த்து, புதிதாக உடைத்து, புயலுக்கு முன் எடுத்த படத்தோடு ஒப்பிடுங்கள். குப்பியின் அடியில் வெண்மையாகத் துகள் தெரிந்தால் சுழற்றி, மேலே உள்ளதை எடுங்கள்.

2024 டிசம்பர் 5

நேற்றைய குறிப்பைப் பார்த்து ஒருவர், சோடியம் அசைடு போட்டு வைத்தால் எதுவும் கெடாது என்கிறார். பூஞ்சை வராது, அது சரி. ஆனால் குதிரைமுள்ளங்கி பெராக்சிடேஸ் ஒட்டிய இரண்டாம் ஆன்டிபாடியில் அசைடு போட்டால் நொதி செயலிழக்கும். சவ்வு பால்போல் வெள்ளையாக வரும். முதல் ஆன்டிபாடியில் போடலாம், ஏனென்றால் அதைக் கழுவிவிடுகிறோம்.

2024 டிசம்பர் 11

இப்போது இரண்டு அளவுச் சண்டைகள்.

சிதம்பரத்திலிருந்து வந்த புகார்: 19எஸ் துணையலகான ஆர்.பி.என்.10-க்கு ஆன்டிபாடி வாங்கினார்கள், ஜீன் பெயர் பி.எஸ்.எம்.டி.4. கணக்குப்படி 41 கிலோடால்டன், பட்டை 50-இல் வருகிறது, எனவே தவறான புரதம். இல்லை அம்மா. அந்தப் புரதம் எஸ்.டி.எஸ். (புரதத்தைக் குலைக்கும் சோப்புப் பொருள்) ஜெல்லில் மெதுவாகத்தான் ஓடும். 50 பக்கத்தில் வருவதுதான் அதற்கு இயல்பு. 41-இல் கச்சிதமாக வந்திருந்தால் நான் சந்தேகப்பட்டிருப்பேன்.

இரண்டாவது, மணிகளில் ஏற்றிய ஆன்டிபாடியால் புரோட்டியசோமை இழுத்தெடுத்துவிட்டு அதையே பிளாட் போடுகிறவர்கள் அடிக்கடி விழும் பள்ளம். ஆன்டிபாடியின் கன சங்கிலி 50, இலகு சங்கிலி 25. 20எஸ் துணையலகுகள் எல்லாம் 20-க்கும் 30-க்கும் இடையில். அதாவது நீங்கள் தேடும் பட்டை இருக்கும் இடத்திலேயே உங்கள் சொந்த ஆன்டிபாடியின் இலகு சங்கிலி குண்டாக உட்கார்ந்திருக்கும். ஆர்.பி.என்.10-க்குக் கன சங்கிலி அதே தொல்லையைத் தரும். இழுப்பதற்கு எலி ஆன்டிபாடி, பார்ப்பதற்கு முயல் ஆன்டிபாடி என்று வைத்துக்கொள்ளலாம். அல்லது ஆன்டிபாடியை மணிகளோடு வேதிப்பிணைப்பால் கட்டிவிடலாம். அல்லது மடிந்த நிலையிலுள்ள ஐ.ஜி.ஜி.யை மட்டும் பிடிக்கும் இரண்டாம் ஆன்டிபாடி வாங்கலாம். எதுவும் இல்லையென்றால் செல் கரைசல் இல்லாமல் ஆன்டிபாடியும் மணியும் மட்டும் போட்ட லேன் ஒன்றையாவது ஓட்டுங்கள். அந்த லேனிலும் அதே பட்டை பளபளப்பதைப் பார்த்தால் பல நாள் குழப்பம் ஒரே பார்வையில் தீரும்.

2024 டிசம்பர் 14

தம்பி ரிப்பா கரைசலில் செல்லை உடைப்பதாக எழுதியிருந்தார், நான் அப்போது ஒன்றும் சொல்லவில்லை, ஏனென்றால் சாதாரண வெஸ்டர்னுக்கு அது போதும். இப்போது "26எஸ் குறைந்ததா என்று பார்க்கலாமா" என்கிறார். ரிப்பாவோடு அது நடக்காது. அதிலுள்ள எஸ்.டி.எஸ். 19எஸ்-ஐயும் 20எஸ்-ஐயும் பிரித்துவிடும். ஏ.டி.பி. இல்லாவிட்டாலும் பிரியும். ஏ.டி.பி., மக்னீசியம், கிளிசரால் மூன்றும் சேர்த்த மென்மையான கரைசலில், பனிக்கட்டி மேல் உடைக்க வேண்டும்.

பிறகு, புரதத் தொகுதியைக் குலைக்காமல் ஓட்டும் இயல்பு நிலை ஜெல். 4 சதவிகிதம் அக்ரிலமைடு, வார்க்கும்போதே கிழியும், பொறுமை வேண்டும். ஜெல்லிலும் ஓட்டும் கரைசலிலும் ஏ.டி.பி. சேர்த்து, குளிர் அறையில் மெதுவாக ஓட்டி, முடிந்ததும் அப்படியே அந்த ஒளிரும் பெப்டைடு கரைசலில் ஊறவிடுங்கள். புறஊதா விளக்கில் மேலே இரட்டைத் தலை 26எஸ், அதற்குக் கீழே ஒற்றைத் தலை. 20எஸ் தன் வாசலை மூடிக்கொண்டிருக்கும் என்பதால் மங்கும், 0.02 சதவிகிதம் எஸ்.டி.எஸ். விட்டால் வாசல் திறந்து அதுவும் ஒளிரும். படம் எடுத்தபின் அதே ஜெல்லைச் சவ்வுக்கு மாற்றி ஆல்ஃபா ஆன்டிபாடி போடுங்கள், எம்.சி.பி.231 என்ற எலி ஒற்றைக்குல ஆன்டிபாடி பல ஆல்ஃபாக்களை ஒருங்கே பிடிப்பதால் இதற்கு வசதி. ஒரே ஜெல்லில் வேலையும் அளவும் இருந்த இடத்திலேயே கிடைக்கும். பீட்டா ஆன்டிபாடி இங்கே சறுக்கலாம்: அது பிடிக்கும் துண்டு மடிப்புக்குள் புதைந்திருந்தால் எட்டாது. மாற்றுவதற்கு முன் ஜெல்லை எஸ்.டி.எஸ். கரைசலில் கொஞ்சம் ஊறவைத்தால் புரதம் குலைந்து அந்தத் துண்டும் வெளியே வரும், இவ்வளவு பெரிய தொகுதி சவ்வுக்கு மாறுவதும் எளிதாகும்.

என் பார்வையில், புரோட்டியசோம் கட்டுப்பாடு பற்றி எழுதுகிற எவரும் இந்த ஜெல்லைப் போடாமல் "26எஸ்" என்ற சொல்லைப் பயன்படுத்தக் கூடாது. கடுமையாகத் தெரிந்தால் தெரியட்டும்.

2024 டிசம்பர் 20

ஒருவர் எதிர்க்கேள்வி: "அளவு கூடாமல் வேலை மட்டும் கூடுமா, அப்படி எதுவும் உண்டா?" உண்டு. 2015-இல் ஆல்ஃபிரட் கோல்ட்பர்க் குழு காட்டியது: செல்லுக்குள் சைக்ளிக் ஏ.எம்.பி. என்ற சமிக்ஞை மூலக்கூறு கூடினால் புரோட்டீன் கைனேஸ் ஏ என்ற நொதி, 19எஸ் துணையலகான ஆர்.பி.என்.6-இன் 14-ஆவது அமினோ அமிலமான செரினில் பாஸ்பேட் ஏற்றுகிறது, 26எஸ்-இன் வேலை கூடுகிறது. சாதாரண ஆர்.பி.என்.6 ஆன்டிபாடி இதைப் பார்த்தும் பார்க்காததுபோல் இருக்கும். பாஸ்பேட் ஏறியதை மட்டும் பிடிக்கும் ஆன்டிபாடி வேண்டும்.

அப்படி வாங்கினால் சவ்வைப் பால் பொடியில் ஊறவைக்காதீர்கள். பாலிலுள்ள கேசீன் பாஸ்பேட் ஏறிய புரதம், பின்புலம் கறுத்துவிடும். மாட்டு சீரம் அல்புமின் போடுங்கள். ஒரு சவ்வை பாஸ்பட்டேஸ் நொதியில் நனைத்துவிட்டு அதே ஆன்டிபாடியைப் போடுங்கள். பட்டை மறைந்தால்தான் அது பாஸ்பேட்டைப் பார்க்கிறது. மறையாவிட்டால் கொடுத்த காசுக்குச் சாதாரண ஆன்டிபாடி கிடைத்திருக்கிறது.

2025 ஜனவரி 3

புத்தாண்டில் சண்டை. "மரபணுவை நீக்கிய செல்லில் பட்டை மறைகிறதா என்று காட்டாத ஆன்டிபாடியை நான் தொடவே மாட்டேன்" என்று ஒருவர் சூளுரைக்கிறார். கொள்கை நல்லது. ஆனால் பீட்டா-5 இல்லாத செல்லை யார் வளர்த்துத் தருவார்? அது இல்லாமல் செல் பிழைக்காது. புரோட்டியசோம் துணையலகுகளில் பெரும்பாலானவை அப்படித்தான். பீட்டா-5ஐ போன்ற சிலவற்றை நீக்கலாம், செல் வாழும். அவற்றுக்கு உங்கள் நிபந்தனையை வையுங்கள், நானும் கூட நிற்கிறேன்.

மற்றவற்றுக்கு எஸ்.ஐ.ஆர்.என்.ஏ. (குறிப்பிட்ட மரபணுவை அடக்கும் சிறு ஆர்.என்.ஏ.) கொடுத்துக் குறுகிய காலம் அளவைக் குறைத்துப் பார்க்கலாம். பட்டை மறையாது, மெலியும். இங்கேயும் அந்த என்.ஆர்.எஃப்.1 குறுக்கே வரும்: ஒரு துணையலகைக் குறைத்தால் புரோட்டியசோம் தளரும், தளர்ந்தால் மற்ற துணையலகுகளின் தயாரிப்பு கூடும். குறைத்தது ஒன்று, கூடியது பல என்று பார்த்ததும் எஸ்.ஐ.ஆர்.என்.ஏ. தவறு என்று ஒருவர் எழுதுவார், நிச்சயம். 2016-இல் ஆன்டிபாடி சரிபார்ப்புக்காகக் கூடிய பன்னாட்டுக் குழு ஐந்து வழிகளைப் பரிந்துரைத்தது. மரபணுவைக் குறைப்பது அதில் ஒன்றுதான். அதே புரதத்தின் வேறு பகுதியைப் பிடிக்கும் இன்னொரு ஆன்டிபாடியோடு ஒப்பிடுவது, ஒட்டுக்குறி சேர்த்த புரதத்தைச் செல்லில் செய்யவைத்துப் பார்ப்பது, ஆன்டிபாடி இழுத்தெடுத்ததை நிறை நிறமாலைமானியில் போட்டுப் பார்ப்பது, ஆன்டிபாடியே இல்லாத வேறு முறையில் அளந்து ஒப்பிடுவது ஆகியவையும் உண்டு. நம் ஊர் ஆய்வகப் பணத்துக்கு இன்னொரு ஆன்டிபாடி என்பதே எட்டக்கூடிய வழி. பக்கத்து ஆய்வகத்தில் கேட்டால் ஒரு துளி தருவார்கள்.

2025 ஜனவரி 4

லாட் எண் (தயாரிப்புத் தொகுதியின் எண்) பற்றி யாரும் பேசாததால் நான் பேசுகிறேன். முயல் பல்குல ஆன்டிபாடியில் முயல் மாறினால் ஆன்டிபாடியும் மாறும். ஒரே பட்டியல் எண், வேறு லாட், 70-இல் புதிதாக ஒரு பட்டை: இதை நான் கண்ணால் பார்த்தேன், விற்பனைப் பிரதிநிதி என் சவ்வைக் கழுவியது சரியில்லை என்றார். பழைய லாட்டில் ஒரு துளி மிச்சம் வைத்திருந்தேன். இரண்டையும் ஒரே சவ்வின் இரு பாதிகளில் போட்டுக் காட்டியதும் பேச்சு நின்றது, புதுக் குப்பி வந்தது. எப்போதும் ஒரு துளி வைத்திருங்கள்.

2025 ஜனவரி 17

தம்பியின் முடிவுகள் வந்துவிட்டன, அவர் சொன்னபடி சுருக்கமாகத் தருகிறேன். பொங்கல் விடுமுறையிலும் ஆய்வகத்தில் இருந்திருக்கிறார். ஒளிரும் பெப்டைடு அளவு குறைந்திருக்கிறது. யுபிக்விட்டின் லேன் கறுத்திருக்கிறது. பீட்டா-5 இரண்டு பட்டைகளும் கூடியிருக்கின்றன. காரைக்கால் அன்பர் தந்த ஆன்டிபாடி சரியான ஜீன்தான். கீழ்ப் பட்டை மேலோங்கியிருக்கிறது. 55-இல் இருந்த மர்மப் பட்டை இரண்டாம் ஆன்டிபாடியை மட்டும் போட்ட சவ்விலும் தெரிகிறது. வழிகாட்டி இப்போது திருப்பி அனுப்பும் பேச்சை எடுப்பதில்லையாம். இந்த எதிர்வினையை முன்பே எதிர்பார்த்ததாகச் சொல்கிறாராம். வழிகாட்டிகள் அப்படித்தான்.

எனக்கு ஒரு மனக்குறை இருக்கிறது. ஒரே நேரப் புள்ளிதான். இரவு முழுவதும் விட்டுக் காலையில் பார்த்தால் நடுவில் நடந்தது தெரியாது. முதல் சில மணி நேரத்தில் வேலை விழுந்திருக்கும், அளவு அசைந்திருக்காது. பிறகுதான் அளவு ஏறியிருக்கும். அந்த வரிசையைக் காட்டினால் ஆய்வேட்டுத் தேர்வாளர் கேட்கப்போகும் முதல் கேள்விக்கு விடை ஆகிவிடும். மருந்தைக் கழுவிவிட்டு மீட்சியையும் பாருங்கள். போர்டிசோமிப் மெதுவாக விடுபடும் மருந்து. புதிதாகச் செய்த புரோட்டியசோம் எவ்வளவு, மருந்து விட்டுப்போன பழையது எவ்வளவு என்று பிரிக்க வேண்டியிருக்கும். அதற்கு எப்பாக்ஸோமைசினையும் இணையாக வைக்கலாம், அது பிடித்தால் விடாது.

2025 ஜனவரி 18

டி.டி.ஐ.2 ஆன்டிபாடி என்னிடம் இருக்கிறதா என்று கேட்டிருக்கிறீர்கள். இருக்கிறது, பழைய லாட், நன்றாக வேலை செய்கிறது. வியாழக்கிழமை காலாப்பட்டுக்கு வாருங்கள், நுழைவாயிலில் இறங்கிச் செய்தி அனுப்புங்கள். ஒரு சிறு பங்கு தருகிறேன். பனிக்கட்டிப் பெட்டி கொண்டுவாருங்கள். சென்ற முறை இன்னொரு கடலூர்ப் பிள்ளை ஆன்டிபாடியைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு வெயிலில் பஸ் ஏறினார். ஐ.ஜி.ஜி. தாங்கும் என்று டிசம்பரில் எழுதியது உண்மைதான், அதற்காகச் சோதித்துப் பார்க்க வேண்டாம். உங்கள் இயல்பு நிலை ஜெல் படம் இருந்தால் அதையும் கொண்டுவாருங்கள், கிழிந்ததாக இருந்தாலும் பரவாயில்லை.